நொக் சென்சர் கோளாறு: கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0325 என்ற கோளாறுக் கோடு (குறியீடு) வருகிறது, அடுத்த நிமிடமே ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்கு விலை கேட்டு அழைப்புப் போகிறது. திருகோணமலையில் கராஜ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், தங்கள் வாகனத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களும் வீணாகக் காசை விடும் இடங்களில் இது ஒன்று. நொக் சென்சருக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் ஒரு பீங்கான் வில்லைதான் இருக்கிறது. வயதாகிப் பழுதாவது உண்டு. ஆனால் அதற்கு முன் சந்தேகப்பட வேண்டியவை வயர், அதை இணைக்கும் கப்ளர், போல்டின் இறுக்கம், எஞ்சினின் உண்மையான சத்தம் ஆகிய நான்கும். பல எஞ்சின்களில் இந்தச் சென்சர் இன்டேக் மனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அரை நாள் வேலை செய்து அதைக் கழற்றிய பிறகு, எலி கடித்த வயர்தான் காரணம் என்று தெரிந்தால் அந்தக் கூலியை யார் கொடுப்பது?

அது செய்யும் வேலை

பிளக் தீப்பொறி விட்டதும் சுவாலை சிலிண்டருக்குள் ஒழுங்காகப் பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் மிஞ்சினால், சுவாலை வந்து சேரும் முன்பே மூலையில் எஞ்சிய கலவை தானாக வெடித்துவிடும். இதுதான் நொக். அந்த அழுத்த அலை சுவரில் மோத, புளொக் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ ஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண்ணில் அதிரும். சிலிண்டரின் விட்டம் கூடினால் அந்த அதிர்வெண் குறையும். சென்சர் அந்த அதிர்வைச் சிறு மின்னழுத்தமாக மாற்றி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கு அனுப்பும். ஈசியூ டைமிங்கை, அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்தை, சில பாகை பின்னுக்கு இழுக்கும். அதிர்வு நின்றதும் படிப்படியாக முன்னுக்குக் கொண்டுவரும்.

சென்சரிலிருந்து வருவதை நம்ப முடியவில்லை என்று ஈசியூ முடிவெடுத்தால் பாதுகாப்பான பக்கம் ஒதுங்கும். டொயோட்டாக்களில் டைமிங் எவ்வளவு பின்னுக்குப் போகலாமோ அவ்வளவு பின்னுக்குப் போய் அங்கேயே நிற்கும். எனவே சென்சர் கோளாறின் அடையாளம் பொதுவாகச் சத்தம் அல்ல: இழுவை குறையும், பெற்றோல் கூடக் குடிக்கும், ஏசி போட்டால் வாகனம் சோரும். "டக் டக் என்று கேட்கிறது, சென்சர் போய்விட்டது" என்பது தலைகீழான கணக்கு. சத்தம் கேட்டால் முதலில் சத்தத்தின் காரணத்தைத் தேடுங்கள்.

இன்னொன்று. கார்புரேட்டர் வைத்த முச்சக்கர வண்டியிலும் பழைய டீசல் ஹைஏஸிலும் இந்தச் சென்சர் கிடையாது. டீசல் எஞ்சினின் இயல்பான தட்டுச் சத்தம் வேறு கதை. இங்கே சொல்வதெல்லாம் ஈசியூ பெற்றோலைப் பீச்சும் ஈஎஃப்ஐ வாகனங்களுக்கு.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஸ்கேனர். கைபேசியோடு புளூடூத்தில் இணையும் சிறிய ஓபிடி அடாப்டரும் போதும், ஆனால் அது டைமிங்கை ஓடும்போதே காட்ட வேண்டும். 10 மெகா ஓம் வரை அளக்கக்கூடிய, ஏசி மில்லி வோல்டும் காட்டும் மல்டிமீற்றர். கொன்டக்ட் கிளீனர், 10, 12 சொக்கட்டுகள், நீள எக்ஸ்டென்ஷன், சிறு கண்ணாடி, டோர்ச். மாற்றும் நிலை வந்தால் 20 நியூட்டன் மீற்றரைச் சரியாகக் காட்டும் சிறிய டோர்க் ரெஞ்ச். சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்ச் இந்த வேலைக்கு உதவாது. அவ்வளவு கீழே அதன் அளவை நம்ப முடியாது.

1. கோடை வாசியுங்கள், அழிக்க அவசரப்படாதீர்கள்

கோடோடு சேர்த்துச் சேமிக்கப்பட்ட ஃபிரீஸ் ஃபிரேமை எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு லோட், கூலன்ட் சூடு எவ்வளவு. கோடை அழித்ததும் அதுவும் போய்விடும். பிறகு கோடுகளைப் பிரித்துப் பாருங்கள்.

பி0325: சென்சர் சர்க்கிட்டில் பொதுவான கோளாறு. பல பழைய டொயோட்டாக்கள் எதற்கெடுத்தாலும் இதையே காட்டும்.
பி0326: சிக்னல் வருகிறது, ஆனால் ஈசியூ எதிர்பார்க்கும் வரம்புக்குள் இல்லை. சென்சர் தளர்ந்திருக்கலாம், அல்லது எஞ்சினே உண்மையில் சத்தம் போடலாம்.
பி0327: மின்னழுத்தம் மிகக் குறைவு. டொயோட்டாவில் 0.5 வோல்டுக்குக் கீழே, பெரும்பாலும் ஷோர்ட்.
பி0328: மின்னழுத்தம் மிக அதிகம். டொயோட்டாவில் 4.5 வோல்டுக்கு மேலே. பெரும்பாலும் வயர் அறுந்தது அல்லது கப்ளர் கழன்றது.
பி0330 முதல் பி0333 வரை: வி வடிவ எஞ்சின்களின் மறுபக்கச் சென்சர்.

எழுதி முடித்ததும் கோடை அழித்து எஞ்சினை ஓடவிடுங்கள். ஐடிலில் ஒன்றும் வராமல் இருப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பல ஈசியூக்கள் ஏறத்தாழ 2000 ஆர்பிஎம்முக்கு மேல்தான் இந்தச் சென்சரைச் சோதிக்கின்றன. மேலே ஏற்றியதும் உடனே திரும்பி வந்தால் அது மின்சாரக் கோளாறு. இருபது கிலோமீற்றர் ஓடி, ஏற்றத்தில் மட்டும் வந்தால் 2ஆம் படியைக் கவனமாகச் செய்யுங்கள்.

2. எஞ்சின் பொய் சொல்கிறதா, உண்மை சொல்கிறதா

பி0326 வந்த வாகனத்தில் மல்டிமீற்றரை எடுப்பதற்கு முன் ஒயில் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் குறைந்து பெயரிங்கோ டப்பட்டோ தட்டினால் சென்சர் அதையும் நொக் என்றே எடுத்துக்கொள்ளும். தளர்ந்த ஏசி கொம்பிரசர் பிராக்கெட், தேய்ந்த பெல்ட் டென்ஷனர், ஆடும் வாட்டர் பம்ப், சைலென்சரின் தகட்டு மறைப்பு எல்லாமே அதை ஏமாற்றும். பெல்ட்டைக் கழற்றி, சூடேறாத அளவுக்குச் சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டுச் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

அடுத்தது பெற்றோல். 95 ஒக்டேன் கேட்கும் எஞ்சினுக்கு 92 அடித்தால் வெயில் நேரத்தில் உண்மையிலேயே நொக் வரும். 92க்கென்று செய்த எஞ்சினுக்கு 95 அடிப்பதால் மட்டும் பெரிய இலாபம் இல்லை, ஆனால் சோதனைக்கு அது உதவும்: டாங்கைக் கால்வாசிக்கு இறங்கவிட்டு, வேறொரு பெற்றோல் செட்டில் 95 நிரப்பி ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனால் சென்சர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. மண்ணெண்ணெய்க் கலப்பு ஒக்டேனைப் படுபாதாளத்துக்கு இறக்கும். வள்ளங்களுக்கு மண்ணெண்ணெய் புழங்கும் கரையோர ஊர் இது. வள்ளத்துக்கு எடுத்த கானிலேயே வீட்டு வாகனத்துக்குப் பெற்றோலும் வாங்கி வந்தார்களா என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

கூலன்டையும் விடாதீர்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கிணற்று நீரை ரேடியேட்டருக்கு ஊற்றி ஊற்றி உள்ளே காறை படிந்த வாகனங்களில் சிலிண்டர் தலை அளவுக்கு மீறிச் சூடாகும். மே தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உள்ளிழுக்கும் காற்றும் சுட, நொக் தானாக வரும். ஹீட் ரேஞ்ச் பொருந்தாத பிளக், எரிஅறையில் படிந்த கரி, வேலை செய்யாத ஈஜிஆர் (எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் அமைப்பு), எங்காவது காற்று உறிஞ்சுவதால் மெலிந்த கலவை ஆகியனவும் இதே பட்டியலில் சேரும். சூடும் பெற்றோலும் சரி என்று உறுதியானால்தான் அடுத்த படிக்குப் போங்கள்.

3. கண்ணால் பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் சென்சரை வீணாக மாற்றுகிறார்கள். கடற்காற்று படும் ஊரில் கப்ளருக்குள் பச்சைப் பூப்பது சாதாரணம். சென்சர் அனுப்புவது மில்லி வோல்ட் கணக்கில் உள்ள சிக்னல், ஆகவே விளக்குக்கோ ஹோனுக்கோ பாதிப்பு தராத சிறு துருவும் இங்கே பாதிப்புத் தரும். கப்ளரைக் கழற்றி, பின்களைக் கொன்டக்ட் கிளீனரால் கழுவி, உலர்ந்ததும் பெண் முனைகள் அகன்றிருக்கின்றனவா என்று பாருங்கள். சேர்விஸில் உயர் அழுத்தத் தண்ணீரால் எஞ்சினைக் கழுவிய சில நாட்களில் கோடு வந்திருந்தால் தண்ணீர் கப்ளருக்குள் இறங்கியிருக்கிறது என்றே எண்ணுங்கள். மார்கழி மழையில் தேங்கிய தண்ணீருக்குள்ளால் ஓடிய வாகனத்துக்கும் இதே விதி.

வயரை அதன் முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். எலிக்கு மனிஃபோல்டின் கீழ்ப்பகுதி வெதுவெதுப்பான இடம். சென்சரிலிருந்து ஈசியூவரை போகும் வயர் பல வாகனங்களில் உலோக வலை சுற்றிய ஷீல்ட் வயராக இருக்கும்; இக்னிஷன் கொயிலின் மின் இரைச்சல் உள்ளே நுழையாமல் தடுப்பது அந்த வலைதான். யாராவது நடுவில் சாதாரண வயரை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றியிருந்தால் கோளாறு அங்கேயே இருக்கலாம். ஷீல்ட் வயரையே போட்டு ஈயம் பிடித்து ஒட்டுங்கள், வலையையும் தொடர்ச்சியாகச் சேருங்கள். வலை ஈசியூ பக்கம் மட்டும் ஏர்த் ஆகியிருந்தால் அப்படியே விடுங்கள். நல்லது செய்வதாக நினைத்து மறுமுனையையும் புளொக்கில் கட்டினால் இரைச்சல் கூடும்.

4. மின்தடை அளத்தல்

இங்கே எந்த வகைச் சென்சர் என்று தெரிய வேண்டும். நடுவில் துளையுள்ள, வளையம் போன்ற தட்டை வகை ஒன்று. 8 மில்லிமீற்றர் போல்டோ நட்டோ அதை இறுக்கும். புளொக்கில் நேரே திருகும் மரை வகை இன்னொன்று; பழைய எஞ்சின்களில் ஒற்றை வயரோடு வரும்.

இக்னிஷனை அணைத்து, பற்றரியின் நெகடிவ்வைக் கழற்றி, எஞ்சின் குளிர்ந்த பிறகு அளவெடுங்கள். மனிஃபோல்டைக் கழற்ற வேண்டாம்: ஈசியூவின் கப்ளரை இழுத்து, வயரிங் டயகிராமைப் பார்த்து, சென்சரின் இரண்டு வயர்களுக்குரிய பின்களில் மீற்றரை வையுங்கள். வழியில் இடைக் கப்ளர் இருந்தால் அங்கும் அளக்கலாம். இப்படி அளக்கும்போது வயரும் சென்சரும் ஒன்றாகச் சோதிக்கப்படுகின்றன. மீற்றர் முனையைப் பின்னுக்குள் திணிக்காதீர்கள். அகன்றுபோன பின் புதுக் கோளாறாகத் திரும்பி வரும். விரல் இரண்டு முனையிலும் பட்டால் உங்கள் உடம்பின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும், ஏனென்றால் நாம் அளப்பது இலட்சக் கணக்கான ஓம்.

டொயோட்டாவின் தட்டை வகைக்கு 20 பாகை செல்சியஸில் 120 முதல் 280 கிலோ ஓம் வரை சரி. விட்ஸ், எக்ஸியோ போன்றவற்றில் வரும் 1என்இசட் எஞ்சினுக்கும் இதே அளவுதான். பல நிஸான்களில் 500 முதல் 620 கிலோ ஓம். சில மாடல்களின் புத்தகம் 532 முதல் 588 என்று இன்னும் நெருக்கிச் சொல்லும். நம் ஊரில் நிழலிலேயே 30 பாகைக்கு மேல் இருப்பதால் ஓரிரு கிலோ ஓம் விலகலுக்காகச் சென்சரைக் குற்றம் சொல்லாதீர்கள். பூச்சியத்துக்கு அருகே காட்டினால் ஷோர்ட், எல்லையில்லாமல் காட்டினால் அறுந்திருக்கிறது.

உள்ளே ரெசிஸ்டர் வைக்காத சென்சர்களும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. பொஷ் தட்டை வகையிலும் டொயோட்டாவின் பழைய மரை வகையிலும் ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டுவதே சரியான நிலை. புதியவர் மீற்றரில் ஒன்றும் வரவில்லை என்று நல்ல சென்சரைக் குப்பையில் போடுவது இங்கேதான். ஆகவே அந்த மாடலின் ரிப்பேர் புத்தகத்தில் உள்ள அளவு கையில் இல்லாமல் இந்தப் படியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஈசியூ முனையில் அறுந்தது போல் காட்டி, சென்சர் அருகில் அளந்தால் சரியாக இருந்தால் வயர்தான் வேலை. அளக்கும்போதே ஒருவர் வயர்க் கட்டை மெல்ல ஆட்டட்டும். எண் துள்ளினால் இடம் அகப்பட்டுவிட்டது.

5. ஈசியூவின் 5 வோல்ட்

டொயோட்டா தட்டை வகைக்கு மட்டும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஈசியூ கப்ளரைத் திரும்பப் போட்டு, பற்றரியை இணைத்து, சென்சர் கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு முனைகளுக்கிடையே டிசி அளவில் வையுங்கள். இக்னிஷன் போட்டதும் 4.5 முதல் 5.5 வோல்ட் வர வேண்டும். வந்தால் வயரும் ஈசியூவும் நல்லவை, சந்தேகம் சென்சர் மேல் திரும்புகிறது. வராவிட்டால் சென்சரைத் தொடவே வேண்டாம்.

6. தட்டிப் பார்ப்பது

சென்சரைக் கழற்றாமல், கப்ளரை மட்டும் கழற்றி, அதன் பின்களில் மீற்றரை ஏசி மில்லி வோல்டில் வையுங்கள். ஒற்றை வயர் வகையில் ஒரு முனை புளொக்கில். சென்சருக்கு ஓரிரு அங்குலம் தள்ளிப் புளொக்கிலோ எஞ்சின் தூக்கும் கொக்கியிலோ சிறு சாவியால் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எண் துள்ள வேண்டும். எவ்வளவு என்பது தட்டும் பலத்தையும் மீற்றரையும் பொறுத்தது. துள்ளுகிறதா இல்லையா என்பதே கேள்வி. மலிவு மீற்றர்கள் இவ்வளவு குறுகிய துடிப்பைப் பிடிக்காமல் விடும், எனவே ஒரு முறை தட்டி ஏமாறாமல் வேகமாகத் தொடர்ந்து தட்டிப் பாருங்கள். ஒசிலோஸ்கோப் வைத்திருப்பவர் அருகில் இருந்தால் இந்தச் சோதனையை அவரிடம் கொடுப்பதே மேல். சென்சரின் மேலேயே தட்டாதீர்கள், பீங்கான் வில்லை வெடிக்கும்.

எஞ்சின் ஓடும்போது தட்டி, ஸ்கேனரில் டைமிங் இறங்குகிறதா என்று பார்க்கும் வழியும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இறங்கினால் சென்சர், வயர், ஈசியூ மூன்றும் நலம். இறங்காவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை: ஈசியூ எரிதல் நடக்கும் குறுகிய நேரத்தில் மட்டும் சென்சரைக் கவனிக்கிறது, உங்கள் தட்டு அதற்குள் விழாமல் போகலாம், சில ஈசியூக்கள் ஐடிலில் கவனிப்பதே இல்லை. 2000 ஆர்பிஎம்மில் பிடித்துத் தட்டிப் பாருங்கள். சட்டைக் கையும் தாவணியும் பெல்ட்டுக்கு அருகே போகக் கூடாது.

7. வீதியில்

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, இரண்டு பேராகப் போங்கள்; ஸ்கேனரைப் பார்ப்பவர் ஓட்டக் கூடாது. மூன்றாம் கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து எக்சலேட்டரை முக்கால்வாசி அழுத்தி டைமிங்கைக் கவனியுங்கள். நல்ல எஞ்சினில் அது சிறிது இறங்கி மீண்டும் ஏறும். தொடக்கத்திலிருந்தே தாழ்ந்து, அசையாமல் நின்றால் ஈசியூ பாதுகாப்பு நிலையில் இருக்கிறது. டொயோட்டா ஸ்கேனரில் நொக் ஃபீட்பேக் என்ற அளவும் தெரியும். நொக் வரும்போது அது மாற வேண்டும், எப்போதும் ஒரே எண்ணில் உறைந்திருக்கக் கூடாது.

கோணேசர் கோயில் ஏற்றம் இதற்குச் சரிவராது. கோட்டைக்குள் மான்களும் அடியார்களும். கந்தளாய் வீதி நீண்டது, லோட் கொடுக்க இடம் உண்டு. யானை இறங்கும் பாதை என்பதால் பொழுது சாயும் முன் திரும்பிவிடுங்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால்

செசி நம்பரைக் கொடுத்துச் சரியான பார்ட் நம்பரை எடுங்கள். உருவம் ஒன்றாக இருந்தும் உள்ளே ரெசிஸ்டர் வேறாக இருக்கும் சென்சர்கள் உண்டு. கப்ளர் பொருந்துகிறது என்பதை நம்பி வாங்கினால் அதே கோடு மறுநாள் வரும். ரீகண்டிஷன் சாமான் என்றால் கடையிலேயே மின்தடை அளந்து வாங்குங்கள். கீழே விழுந்த சென்சர் புதிதானாலும் பூட்டாதீர்கள்.

பற்றரியைக் கழற்றுங்கள். மனிஃபோல்ட் இறங்க வேண்டுமானால் அதன் கேஸ்கட்டைப் புதிதாகவே போடுங்கள், திறந்த துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்து வையுங்கள். உள்ளே ஒரு நட்டு விழுந்தால் கதை சிலிண்டர் தலைவரை போகும். பழைய சென்சரின் கப்ளர் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதைக் கைபேசியில் படமெடுங்கள். சென்சர் அமரும் முகத்தை நுண்ணிய எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, எண்ணெயும் துருவும் பெயின்டும் இல்லாமல் துடையுங்கள். தட்டை வகைக்கு வாஷர் போடக் கூடாது, மரையில் சீலன்டோ லொக்டைட்டோ பூசக் கூடாது. அதிர்வு உலோகத்திலிருந்து உலோகத்துக்கு நேரே போக வேண்டும்.

இறுக்கம்: தட்டை வகைக்கு 20 நியூட்டன் மீற்றர். மரை வகைக்குக் கூடுதல், டொயோட்டாவில் ஏறத்தாழ 40. ஆனால் அந்த மாடலின் எண்ணையே பின்பற்றுங்கள். தளர்ந்தால் சிக்னல் மெலிந்து பி0326 அல்லது பி0327 வரும். மிஞ்சி இறுக்கினால் வில்லையில் கீறல் விழலாம், உணரும் அளவும் மாறும். கை அனுபவத்தில் இறுக்குகிறேன் என்று சொல்லும் பாஸிடமும் டோர்க் ரெஞ்சை மரியாதையாக நீட்டுங்கள்.

பூட்டிய பின் வயரை எக்ஸோஸ்ட்டிலிருந்தும் கொயிலிலிருந்தும் விலக்கிப் பழைய கிளிப்பிலேயே கட்டி, கோடை அழித்து, முழுச் சூடு வந்ததும் 7ஆம் படியில் சொன்னபடி லோட் கொடுத்து ஓட்டுங்கள். கோடு இன்னும் வந்தால், ஈசியூவில் கை வைப்பதற்கு முன் ஈசியூவின் ஏர்த் வயர் புளொக்கில் இறுகும் இடத்தைச் சுரண்டித் துடைத்து, வயரை முனைக்கு முனை மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும், வாகனத்தின் பொடிக்கு (உலோக உடலுக்கு) ஷோர்ட் இருக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் மட்டும், அதே மாடலின் நல்ல ஈசியூவைப் பூட்டிப் பார்க்கும் வசதியுள்ள கராஜுக்கு வாகனத்தைக் கொண்டுபோங்கள். அதுவரை ஓடலாம், ஆனால் முழு லோடு ஏற்றி நெடுந்தூரம் வேண்டாம்: டைமிங் பின்னுக்கு நிற்கும் எஞ்சினில் எக்ஸோஸ்ட் மிகச் சூடாகும்.